சிவப்பு முக்கோணம் கூறுவது என்ன?

பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் ஹைப்ரிட் மோட்டார் வண்டியின் முகப்பில் திடீரென ஒரு சிவப்பு முக்கோணமும், அதனருகே "ஹைப்ரிட் அமைப்பைப் பரிசோதிக்கவும்" என்ற ஒற்றை வாக்கியமும் தோன்றுங்கால், வண்டிக்கு உடையவர் திகைத்துப் போகின்றனர். அத்திகைப்பு நியாயமே. எந்த உறுப்பு பழுதென்று அவ்வாக்கியம் சொல்லவில்லை. அபாயம் பெரிதா சிறிதா என்று சொல்லவில்லை. வீடுவரை போகலாமா, அவ்விடத்திலேயே நிற்க வேண்டுமா என்பதும் அதில் இல்லை. குற்றம் இன்னதென்றும், சட்டத்தின் எந்தப் பிரிவென்றும் குறிப்பிடாமல் "கோர்ட்டுக்கு வருக" என்று மட்டும் எழுதிய சம்மனைப் போன்றது அது. அத்தகைய சம்மனைப் பெற்றவன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, எந்தப் பிரிவின் கீழ் என்பதே. ஹைப்ரிட் வண்டியிலும் அப்பிரிவு எண் உண்டு. அதைக் கேட்டறியாமலே பணப்பையைத் திறந்துவிடும் வழக்கம் பெருகியிருப்பதால் இவ்விஷயத்தை இங்கு எடுத்துக் கொள்கிறோம்.

1997-ம் வருஷம் டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் வண்டியே இவ்வினத்தில் உலகம் நன்கறிந்தது. அதன் வரிசையையே உதாரணமாகக் கொள்வோம். இவ்வண்டியில் ஒன்றல்ல, இரண்டு மின்சாரங்கள் குடியிருக்கின்றன. 2003-ல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் 28 அடுக்குகள் கொண்ட பெரிய பாட்டரி 201.6 வோல்ட் தருகிறது. இன்வர்ட்டர் அதை 500 வோல்ட் வரையில் உயர்த்தி மோட்டாருக்கு அனுப்புகிறது. 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் இவ்வுச்சம் 650 வோல்ட். இது ஒன்று. மற்றொன்று, சாதாரண வண்டிகளில் காண்பதுபோன்ற 12 வோல்ட் சிறு பாட்டரி. இதற்கு மின்சாரம் ஊட்ட டைனமோ கிடையாது. பெரிய பாட்டரியின் மின்சாரத்தையே குறைத்து இதற்கு அளிக்கின்றனர். ஆயினும் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பாட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் இந்தச் சிறியவனே. யானையைக் கட்டியிருக்கும் சங்கிலியின் சாவி பாகனுடைய சிறுவன் கையில் இருப்பதைப் போல!

ஆகவே, அச்சிறு பாட்டரி முதுமையடைந்து தளர்ந்தால், அதை நம்பியிருக்கும் கம்ப்யூட்டர்கள் தடுமாறுகின்றன. பிரேக், ஹைப்ரிட் முதலிய விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியக்கூடும். வண்டி புறப்படவே மறுக்கலாம். பார்ப்பவர்களுக்கு வண்டி முழுவதும் பாழாயிற்றென்றே தோன்றும். உண்மையில் வேண்டியது ஒரு சிறு பாட்டரி மட்டுமே. பல விளக்குகள் ஒருங்கே எரியுமாயின், வேறெதையும் நினைக்குமுன் 12 வோல்ட் பாட்டரியை அளந்து பார்க்கச் சொல்வது விவேகம்.

ஆனால் எல்லா எச்சரிக்கையும் இவ்வளவு எளிதன்று. உயர்ந்த வோல்ட் மின்சாரம் வண்டியின் இரும்பு உடலைத் தொடாதபடி காக்கப்பட்டிருக்கிறது. அக்காப்பு எங்கேனும் நலிந்து கசிவு ஏற்பட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து முக்கோணத்தை ஏற்றும். இன்வர்ட்டரைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவைக்கும் பம்ப் நின்றுபோனாலும் அதே முக்கோணந்தான். இங்கு ஒரு மோசமும் உண்டு: சற்று நின்று ஆறியபின் விளக்கு மறைந்துவிடலாம். வியாதி தீர்ந்ததென்று எண்ணி மீண்டும் ஓட்டுவோர் இன்வர்ட்டரையே இழக்க நேரிடும். பெரிய பாட்டரிக்குக் காற்றூட்டும் விசிறியின் வாய் பின் ஆசனத்தின் பக்கத்தில் இருக்கிறது. அங்கே துணிமணிகளையும் மூட்டைகளையும் அடுக்கி அதை மூடிவிடுகிறவர்கள் தங்கள் பாட்டரியைத் தாங்களே மூச்சுத் திணற வைக்கிறார்கள்.

இனிப் பிரிவு எண்ணுக்கு வருவோம். அமெரிக்காவில் 1996-ம் வருஷ மாடல் முதற்கொண்டு ஒவ்வொரு புதிய காரிலும் பழுதின் எண்ணைப் பொதுவான கருவியொன்றினால் படித்தறிய வழியிருக்க வேண்டுமென்று சட்டம் செய்யப்பட்டது. இன்ன கம்பெனியின் தொழிற்சாலைக்கே போக வேண்டுமென்ற கட்டாயம் இதனால் தளர்ந்தது. ஓட்டுபவர் முன்னுள்ள பலகைக்கு அடியில் ஒரு துவாரம்; அதில் கருவியைச் செருகினால் எண் தெரியும். பி0ஏ93 என்றால் இன்வர்ட்டரின் குளிர்ச்சி. பி0ஏஏ6 என்றால் மின்கசிவு. பி0ஏ80 என்றால் பெரிய பாட்டரியை மாற்றுக என்று பொருள்.

இக்கடைசி எண்ணே பலரைக் கவிழ்ப்பது. "மாற்றுக" என்று எண்ணே தீர்ப்புக் கூறிவிட்டபின் அப்பீல் ஏது என்பார்கள். அப்பீல் உண்டு. பிரியஸின் 28 அடுக்குகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 14 கூறுகளாகக் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. கூறுகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் மிகுந்தால் இத்தீர்ப்பை எழுதுகிறது. அடுக்கு மெய்யாகவே கெட்டிருக்கலாம். அவற்றை இணைக்கும் செம்புத் தகடுகளில் களிம்பேறியும் இருக்கலாம். தகட்டைத் துலக்குவதற்கும் பாட்டரியை மாற்றுவதற்கும் உள்ள செலவு வித்தியாசத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. பி0ஏஏ6 என்ற எண்ணிலும் இவ்வாறே. டொயோட்டா வண்டிகளில் அதற்குக் கிளை எண்கள் உண்டு: 611 என்றால் கசிவு குளிர்சாதனத்தின் பக்கம், 612 என்றால் பாட்டரியின் பக்கம், 613 என்றால் மோட்டார் அடங்கிய பெட்டியின் பக்கம். கிளை எண்ணைக் கேளாமல் மொத்த எண்ணை மட்டும் கேட்டு வருகிறவர், சட்டத்தின் பெயரைக் கேட்டு ஷரத்தைக் கேளாமல் திரும்பியவரே. முழு எண்ணையும் காகிதத்தில் எழுதித் தரும்படி கேட்பது வண்டிக்காரரின் உரிமை. அதற்குமுன் எவரும் 12 வோல்ட் பாட்டரியைக் கழற்றிவிட அனுமதித்தலாகாது; கழற்றினால் பதிந்திருக்கும் எண்கள் பெரும்பாலும் அழிந்துபோம். சாட்சியம் அழிந்தபின் விசாரணை எதைக்கொண்டு நடக்கும்?

எச்சரிக்கையே பொய்த்துப் போவதும் நடந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் இன்வர்ட்டரை நடத்தும் ஸாப்ட்வேரில் ஒரு குறை. அதிக பாரத்தில் உள்ளிருக்கும் டிரான்ஸிஸ்டர்கள் சூடேறிக் கெட்டுவிடக் கூடும். பெரும்பாலும் விளக்கு எரிந்து, வண்டி வேகம் தணிந்து ஊர்ந்தேனும் செல்லும். சில சமயம் ஓடுகையிலேயே நின்றுவிடும். இதற்காக 2014 பிப்ரவரியில் சுமார் 19 லட்சம் வண்டிகளை டொயோட்டா திரும்ப அழைத்துத் திருத்தியது. திருத்தியும் தீரவில்லை. அபூர்வமாகச் சில சந்தர்ப்பங்களில் வண்டி அந்த ஊர்ந்து செல்லும் நிலைக்கும் வராமல் நின்றுவிடக் கூடுமென்று கண்டு, 2018 அக்டோபரில் சுமார் 24 லட்சம் வண்டிகளை மறுபடியும் அழைத்தது. உற்பத்தி செய்தவரே இருமுறை திருத்த வேண்டியிருந்த யந்திரத்தின் வார்த்தையைப் பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவதும், நாம் அவரை ஒப்புவதும் எவ்விதத்தில் நியாயம்? பழைய வண்டி வாங்குவோர் அத்திருத்தம் செய்யப்பட்டதா என்று சேஸிஸ் எண்ணைக் கொண்டு விசாரித்தறிவது அவசியம்.

சிவப்பு விளக்குக்கு ஓரங்கட்டி நிற்பதும், மஞ்சள் விளக்குக்கு நிதானமாகச் சென்று காட்டுவதும் பொது விதி. ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளை மட்டும் பழகாத கை தொடலாகாது. அவை உயர்ந்த வோல்ட் கம்பிகள். தேர்ந்த மெக்கானிக்கும் பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றியபின் 10 நிமிஷம் காத்திருந்தே கை வைப்பார். இன்வர்ட்டருக்குள் சேர்ந்திருக்கும் மின்சாரம் வடிய அவ்வளவு நேரம் வேண்டும்.

இலங்கையில் ஜப்பானிலிருந்து பழைய ஹைப்ரிட் வண்டிகள் பெருவாரியாக இறக்குமதியாகி ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் திரையில் எச்சரிக்கை ஜப்பானிய எழுத்திலேயே வரும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அதைப் படிக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. திரையைப் படம் பிடித்துக்கொண்டு, கருவி காட்டும் எண்ணைக் கேட்டால் போதும். பி0ஏஏ6 டோக்கியோவிலும் பி0ஏஏ6, யாழ்ப்பாணத்திலும் பி0ஏஏ6.