விமான எஞ்சினும் மின் நீர்ப்பம்பியும்

பெற்றோலால் இயங்கும் எஞ்சினில், எரிபொருள் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகின்றது. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகையுடன் வெளியேறும். மற்றைப் பகுதியை உருளைகளினின்றும் அகற்றுதல் வேண்டும். அகற்றாவிடின் முசலம் உருளையுள் இறுகி எஞ்சின் நின்றுவிடும்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் றைற் சகோதரர் பறந்த விமானத்தின் எஞ்சினும் நீராற் குளிர்விக்கப்பட்டதே. ஆயின் அதில் நீர்ப்பம்பி இருக்கவில்லை.  அன்றைய மிக நீண்ட பறப்பு 59 செக்கன் மட்டுமே.

பிற்காலச் சிறு விமானங்களுட் பெரும்பாலானவை காற்றாற் குளிரும் எஞ்சின்களையே கொண்டன. ஆயினும் தம் கையால் விமானம் அமைப்போருட் சிலர், விலை குறைந்த மோட்டார் வண்டி எஞ்சினைப் பொருத்துவர். நீராற் குளிரும் அவ்வெஞ்சினின் பம்பியை எஞ்சினே பட்டியாற் சுழற்றும். அதற்குப் பதிலாக மின்பம்பியை அமைப்பின் நன்மைகள் பல. அதனை வசதியான இடத்தில் வைக்கலாம். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் நீரோட்டம் குறையாது. தரையிறங்கி எஞ்சினை நிறுத்திய பின்னரும் தேங்கிய வெப்பத்தை அகற்றலாம்.

வேண்டிய நீரோட்டத்தைக் கணித்தலும் எளிதே. எஞ்சின் நீருக்கு 60 கிலோவாற்று வெப்பத்தைக் கொடுக்குமாயின், நிமிடத்துக்கு 80 இலீற்றர் ஓடும் நீர் ஏறத்தாழ 11 பாகை செல்சியஸ் சூடேறும். நீரோட்டம் பாதியாயின் அது 22 பாகையாகும்.

எனினும் மின்பம்பி மின்னையே நம்பி நிற்பது. ஓர் உருகி எரிந்தாலும், ஓர் இணைப்புத் தளர்ந்தாலும் அது நின்றுவிடும். தெருவிற் செல்லும் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். வானிற் செல்வோனுக்கு அவ்வசதியில்லை. வெப்பமானியை மட்டும் நம்புதலும் தகாது. நீரோட்டம் நின்றபின், எஞ்சினுள்ளே நீர் கொதிக்கும்போதும், வெளிக்குழாயிற் பொருத்திய வெப்பமானி தன்னைச் சூழ்ந்து தேங்கிய நீரின் வெப்பநிலையையே காட்டும்.

ஆதலின் தனித்தனி உருகியும் ஆளியும் கொண்ட இரு பம்பிகளும், நீரோட்டம் குறைந்தால் ஒளிரும் எச்சரிக்கை விளக்கும் வேண்டும். இரு பம்பிகளையும் பக்கம் பக்கமாக இணைப்பின் ஒவ்வொன்றுக்கும் ஒருவழி வால்வு அவசியம். இன்றேல் ஓடும் பம்பி தள்ளும் நீர், நின்ற பம்பியூடாகத் திரும்பிவிடும். மின்னாக்கி பழுதுற்றாலும் தரையிறங்கும்வரை மின் தரவல்ல மின்கலவடுக்கும் இருத்தல் வேண்டும். 10 அம்பியர் கொள்ளும் பம்பியை, 20 அம்பியர்-மணி அடுக்கு கணக்கின்படி இரண்டு மணி நேரம் இயக்கும். எரிபொருட் பம்பியும் எரிபற்றலும் அம்மின்னையே கொள்ளுமாயின் அந்நேரம் மிகக் குறையும்.

விமானம் நிலத்தில் நிற்கையிலேயே ஒரு பம்பியை நிறுத்தி, மற்றையது தனித்துத் தாங்குமோ எனச் சோதித்தறிதல் அதனை அமைப்போனின் கடனாகும்.