போதை தெளிஞ்சாச்சு... நிதானம் வந்தாச்சா?

குடித்துவிட்டு வந்தவரைப் பற்றி நம் வீடுகளில் எப்படிச் சொல்வோம்? 'அவர் நிதானத்துல இல்லை!'

சரி... குடியை நிறுத்தி எட்டு மாசம் ஆகிறது. ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. சம்பளம் முழுசாக வீட்டுக்கு வருகிறது. ஆனால், சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் தட்டு பறக்கிறது. பிள்ளைக்கு மார்க் குறைந்தால் வீடே அதிர்கிறது. இல்லாவிட்டால் நாள் முழுக்க யாரோடும் பேசாமல் மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

'இதுக்கு அவர் குடிச்சிட்டே இருந்திருக்கலாம்!' என்று மனைவி வெறுத்துப்போய்ச் சொல்வதுண்டு. சொன்ன பிறகு, 'ஐயோ, என்ன வார்த்தை சொல்லிட்டேன்!' என்று அழுவதும் உண்டு.

அந்த வீட்டில் போதை தெளிந்துவிட்டது. நிதானம் இன்னும் வரவில்லை. இரண்டும் வேறு வேறு. இது புரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

மூளை கேட்கும் அவகாசம்

மூளையின் பரபரப்பை அடக்கும் பிரேக் மாதிரி வேலை செய்கிறது மது. வருடக்கணக்கில் ஒருவர் குடிக்கும்போது, அதை ஈடுகட்ட மூளை ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பழகிவிடுகிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் பிரேக் போய்விடும். அழுத்திய கால் மட்டும் அப்படியே இருக்கும். அதனால்தான் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும்கூட வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர்கள் டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இந்தக் கட்டம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் எரிச்சல், தூக்கக் கோளாறு, காரணமில்லாத சோர்வு ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் அதைத் 'திமிர்' என்கிறார்கள். அதில் ஒரு பங்கு, இன்னும் ஆறிக்கொண்டிருக்கும் மூளையின் வேலை!

இன்னொன்றும் இருக்கிறது. சந்தோஷம் என்றால் குடி, துக்கம் என்றால் குடி, மேலதிகாரி திட்டினாலும் குடி. இருபது வயதில் ஆரம்பித்து நாற்பத்தைந்தில் நிறுத்தியவருக்கு, இருபத்தைந்து வருஷமாக எல்லா உணர்ச்சிக்கும் ஒரே மருந்துதான். இப்போது மருந்து இல்லை. உணர்ச்சிகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கையாள அவர் புதிதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆரம்பித்தவருக்கே வந்த சோதனை

1935-ல் அமெரிக்காவில், டாக்டர் பாப் என்ற அறுவைசிகிச்சை நிபுணருடன் சேர்ந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தைத் தொடங்கியவர் பில் வில்சன். 1934 டிசம்பருக்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களை மீட்ட அவரே, 1940-களின் நடுவிலிருந்து பல வருஷங்கள் கடுமையான மனச்சோர்வில் தவித்தார்!

1958-ல் இயக்கத்தின் பத்திரிகையில் அவர் இதைப் பற்றி மனம்விட்டு எழுதினார். மதிப்பும் பாதுகாப்பும் பிறரிடமிருந்தே வரவேண்டும் என்று எதிர்பார்த்ததும், அது கிடைக்காதபோதெல்லாம் உடைந்துபோனதும்தான் தன் வேதனைக்கு வேர் என்பது அவர் கண்டது. குடியை விட்டபிறகு கைவரவேண்டிய அடுத்த கட்டமாக அவர் சொன்னது, உணர்ச்சிகளில் நிதானம்.

நம் வீடுகளிலும் கேட்கிற வசனம்தானே இது... 'அதான் குடியை விட்டுட்டேனே, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?' கைத்தட்டலை எதிர்பார்க்கிறார். வீட்டிலோ பழைய காயம் இன்னும் ஆறவில்லை. இந்த இடைவெளியில்தான் பலரும் மறுபடி வழுக்குகிறார்கள்.

என்ன செய்யலாம்?

* மனசு கொதிக்கும்போது நான்கு கேள்விகள்: பசியா? கோபமா? தனிமையா? களைப்பா? பல நேரம் ஒரு தட்டு இட்லியிலோ அரை மணி தூக்கத்திலோ வேகம் தணிந்துவிடும்.

* முன்பு குடித்த மாலை நேரத்தைக் காலியாக விடாதீர்கள். நடைப்பயிற்சி, கோயில், பிள்ளையின் பாடம் என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

* தவறு செய்தால் அன்றைக்கே, 'என் தப்புதான்' என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் வரை போனால் வீம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

* இதே பாதையில் முன்னே நடந்தவரோடு பேசுங்கள். ஏ.ஏ. கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது.

* தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதுவும் இன்னொரு பழக்கமாகிவிடும்.

* இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். 'டெலி மனஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

பில் வில்சன் குடியை விட்ட பிறகு, ஒருநாள் அவர் மனைவி லோயிஸ் ஆத்திரத்தில் அவர்மீது செருப்பை வீசினாராம்! 'இத்தனை வருஷம் நான் போராடியும் நடக்காததை யாரோ நடத்திவிட்டார்கள். இப்போதும் இவர் கூட்டம் கூட்டம் என்று ஓடுகிறார்' என்ற ஆற்றாமை. தனக்கும் மனசு நொந்துபோயிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 1951-ல் குடும்பத்தினருக்காக 'அல்-அனான்' உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் லோயிஸும் ஒருவர்.

சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் டி.டி. ரங்கநாதன் நினைவாக ஆரம்பித்த சிகிச்சை மையத்திலும் குடும்பத்தினருக்கென்று தனிப் பயிற்சி உண்டு. காரணம், மீள வேண்டியது ஒருவர் மட்டுமல்ல.

அதனால் அம்மணிகளே... தினமும் வாயை மோந்து பார்ப்பது, 'சத்தியம் பண்ணுங்க' என்பது, பத்து வருஷத்துக்கு முந்தைய கதையை நாத்தனார் எதிரில் எடுப்பது, இதெல்லாம் வேண்டாம். அதற்காக அடி உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. கை நீட்டினால் உடனே வெளியில் உதவி கேளுங்கள். கோபம் அடங்கிய நேரத்தில், 'நீங்க கத்தினா பிள்ளைங்க பயப்படுதுங்க' என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்.

'இன்னும் என்மேல நம்பிக்கை வரலையா?' என்று அவர் கேட்டால், வராததை வந்ததாகச் சொல்ல வேண்டாம். 'கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருக்குங்க' என்று சொல்லுங்கள். அந்தப் பதிலைக் கேட்டு ஆத்திரப்படாமல் அவர் தலையாட்டுகிறாரா? நிதானம் வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்!