படம் உள்ளேயேதான் இருக்கிறது

பள்ளி ஆண்டு மலருக்குப் படம் கேட்டால், முக்கால்வாசிப் பேர் வேர்டு ஃபைலில் ஒட்டித்தான் அனுப்புவார்கள். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுக்க உட்கார்ந்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் விழுவது திரையில் தெரியும் அளவுதான். 4000 பிக்சல் அகலமுள்ள படம் பக்கத்தில் சின்னதாகக் கிடந்தால் 600, 700 பிக்சல்தான் தேறும். அச்சில் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும்.

2007 முதல் வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். சந்தேகமிருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகள் கொட்டிக் கிடக்கும். அவற்றில் முதல் இரண்டு எழுத்து பி, கே. 1989-இல் ஜிப்பைக் கொண்டுவந்த ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை. மனிதர் இன்றும் ஒவ்வொரு ஃபைலிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

ஃபைலை ஒரு நகல் எடுங்கள். நகலின் பெயர்க் கடைசியில் உள்ள டாக்எக்ஸை அழித்து ஜிப் என்று மாற்றுங்கள். (விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைத்திருந்தால், வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள்.) திறந்தால் வேர்டு என்றொரு ஃபோல்டர்; அதற்குள் மீடியா. படங்கள் மொத்தமும் அங்கே இருக்கும். பழைய பெயர்கள் போய் இமேஜ்1, இமேஜ்2 என்று மாறியிருக்கும். யார் படம் எது என்பதை மூல ஃபைலோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். பவர்பாயின்ட், எக்செல் இரண்டிலும் இதே மீடியா ஃபோல்டர் உண்டு.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. வேர்டில் படத்தை கிராப் செய்தால் வெட்டிய பகுதி அழிந்துவிடுவதில்லை, மறைகிறது, அவ்வளவுதான். ஆதார் அட்டையை ஸ்கேன் செய்து ஒட்டி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி கிராப் செய்து ஒருவர் அனுப்புகிறார் என்று வையுங்கள். மீடியா ஃபோல்டரைத் திறந்தால் எண், முகவரியோடு முழு அட்டையும் உட்கார்ந்திருக்கும். அனுப்புமுன் கம்ப்ரஸ் பிக்சர்ஸில் போய், வெட்டிய பகுதிகளை நீக்கும் கட்டத்தை டிக் செய்துவிடுவது நல்லது. வேர்டு தெரிந்தவர்களே இதைக் கவனிப்பதில்லை.

பிடிஎஃப் வேறு சாதி. ஜிப் வித்தை அங்கே பலிக்காது. அதற்கு பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் பிடிஎஃப்இமேஜஸ் என்றொரு கட்டளை இருக்கிறது. 'ஆல்' என்ற விருப்பத்தோடு ஓட்டினால், உள்ளே ஜேபெக்காக இருப்பது ஜேபெக்காகவே தரம் குறையாமல் வெளியே வரும். பின்னணி இல்லாத படமென்றால், கூடவே கறுப்பு வெள்ளையில் ஒரு நிழல் படமும் வந்து விழும். அது எங்கே ஒளி ஊடுருவ வேண்டும் என்ற குறிப்பு.

பள்ளி லோகோ மட்டும் வரவில்லையா? அது பிக்சல் படமாக இல்லாமல் கோடும் வளைவுமாக வரையப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை இங்க்ஸ்கேப்பில் திறந்து, லோகோவைத் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, எஸ்விஜியாகச் சேமியுங்கள். பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது.