ஹாக்கி ஆட்டோகிராஃப்: கையெழுத்து ஏன் கிறுக்கலாக மாறியது?

'கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது' என்பார்கள். ஹாக்கி அட்டை சேகரிப்பவர்களின் புலம்பல் இதற்கு நேர்மாறானது. தலையெழுத்து அமோகமாக அமைந்த வீரர்களின் கையெழுத்தைத்தான் படிக்க முடியவில்லை!

அது என்ன ஹாக்கி அட்டை?

கனடா, அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் படம் போட்ட அட்டைகளைப் பாக்கெட்டில் விற்கிறார்கள். நம்ம பசங்க சேர்க்கும் டிரம்ப் கார்டு மாதிரிதான். ஆனால் விலை வேற லெவல். வெய்ன் கிரெட்ஸ்கியின் 1979-ம் ஆண்டு அட்டை ஒன்று, கையெழுத்தே இல்லாமல், 2021-ல் 37.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. வீரர் கையெழுத்திட்ட அட்டைகளுக்குத் தனி மவுசு உண்டு.

கிறுக்கல் ஏன்?

முதல் காரணம் எண்ணிக்கை. நிறுவனங்கள் ஸ்டிக்கர் தாள்களைக் கட்டுக்கட்டாக அனுப்பும். வீரர் கையெழுத்திட்ட பிறகு அவற்றை அட்டைகளில் ஒட்டுவார்கள். ஜான் பெலிவோ போன்ற அந்தக் கால நட்சத்திரங்களின் பெயரைக் கையெழுத்திலேயே வாசித்துவிடலாம். இன்று பலருடையது ஒரு சுழி, ஒரு கோடு, பக்கத்தில் ஜெர்சி எண். அந்த எண்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டாவது, பள்ளிக்கூடம். அமெரிக்காவில் 2010-ல் வந்த பொதுப் பாடத்தரத்தில் கூட்டெழுத்துக்கு இடமில்லை. இப்போது காற்று திரும்புகிறது. கனடாவின் ஒன்டாரியோ 2023-லும், கலிபோர்னியா 2024-லும் அதை மீண்டும் கட்டாயமாக்கின.

நம்மூரில்?

இங்கே புல்தரை ஹாக்கிதான். அட்டைக்குப் பதில் நோட்டும் மட்டையும். சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற காலத்தில், வீரரைப் பார்த்ததற்குச் சாட்சி ஆட்டோகிராஃப் நோட்டு. 2023-ல் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் மலேசியாவை 4-3 என வீழ்த்தி ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோது, அந்த இடத்தை செல்ஃபி பிடித்துவிட்டது.

படிக்க முடியாவிட்டால் என்ன நஷ்டம்?

சட்டத்துக்கு ஒன்றுமில்லை. எழுதத் தெரியாதவர் இடும் அடையாளக்குறியையும் இந்தியச் சட்டம் கையெழுத்தாக ஏற்கிறது. சிக்கல் சேகரிப்பவருக்குத்தான். முழுப் பெயர் இருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டு அசலா, போலியா என்று பார்க்கலாம். ஒற்றைச் சுழியைப் போலியாகப் போடுவது சுலபம். அச்சிட்ட பெயரும் இல்லாத நோட்டு என்றால், சில வருடங்களில் அது யாருடையது என்பதே மறந்துபோகும்.

ஆட்டோகிராஃப் வாங்கும்போது...

* 'அண்ணா, பேரை முழுசா எழுதுங்க' என்று தயங்காமல் கேளுங்கள்.
* பளபளப்பான அட்டையில் பால் பாயின்ட் பேனா வழுக்கும். அழியாத மார்க்கர் நல்லது.
* வீரரின் பெயர், தேதி, மைதானத்தைப் பின்பக்கம் அன்றே குறித்துவையுங்கள்.
* வெயில் பட்டால் மை மங்கும். உறையில் போட்டு வையுங்கள்.