கோல்கொண்டா ஏறினால் தலை சுற்றுமா?

மழை மேகம் திரண்டாலே கிறுகிறுப்பு வந்துவிடுகிறது என்பார்கள், உள்காதுக் கோளாறு உள்ள பலர். வானிலைக்கும் காதுக்கும் அப்படி என்ன உறவு?

ஒவ்வொரு உள்காதிலும் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலையைத் திருப்பினால் திரவம் சற்றுப் பின்தங்கும். அதை வைத்துத்தான் மூளை திருப்பத்தை அறிகிறது. ஒரு காதில் மட்டும் குளிர்ந்த நீரை ஊற்றினால், உட்கார்ந்த இடத்திலேயே உலகம் சுழலும். இதை விளக்கிய ராபர்ட் பாரானிக்கு 1914இன் நோபல் பரிசு கிடைத்தது. ஐதராபாத்தின் மே மாத வெயிலோ 40 டிகிரியைத் தாண்டினாலும் இரு காதுகளையும் ஒன்றுபோலத்தான் தொடுகிறது. அதனால் சமநிலை குலைவதில்லை.

சரி, காற்றழுத்தம்? ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் இங்கே அது ஏறக்குறைய 10 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. கோல்கொண்டா கோட்டைக் குன்றின் உயரம் சுமார் 120 மீட்டர். அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் படியேறினால் அழுத்தம் 12, 13 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். ஐந்து மாத மாற்றத்தைச் சுற்றுலாப் பயணி ஒரே ஏற்றத்தில் கடக்கிறார்; மூச்சு வாங்குமே தவிர, தலை சுற்றுவதில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் நடுக்காதிலிருந்து தொண்டைக்குச் செல்லும் குழாய் திறந்து, அழுத்தத்தைச் சமன்செய்துவிடுகிறது.

நோயுற்ற காதின் கதை வேறு. மெனியர் நோயில் உள்காதுத் திரவம் மிகுந்து வீங்குகிறது. அந்த நோயாளிகளைக் கைபேசிச் செயலி வழியே தொடர்ந்து 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அழுத்தம் குறைந்து ஈரப்பதம் கூடிய நாட்களில் தொல்லை சற்று அதிகமாக இருந்தது. தொடர்பு தெரிந்ததே ஒழிய, காரணம் நிரூபணமாகவில்லை.

படுக்கையில் புரண்டதும் சில நொடிகள் சுற்றுகிறதா? உள்காதின் கால்சியம் துகள்கள் இடம்பெயர்ந்து குழலுக்குள் புகுந்திருக்கலாம். வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் ஓராண்டு கொடுத்தபோது, இது திரும்ப வருவது சுமார் 24 சதவீதம் குறைந்ததாக 2020இல் கொரிய ஆய்வு காட்டியது. வெயில் கொட்டும் ஐதராபாத்திலும் முதியவர்களிடம் இந்தக் குறைபாடு பரவலாக இருப்பதைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கண்டறிந்திருக்கிறது.

ஆக, பருவம் தூண்டலாம். ஆனால் பழி முழுவதும் அதன்மேல் இல்லை. தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, வானிலையை நொந்துகொண்டிருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.