காப்பீட்டு அட்டையும் கண்ணாடிக் கடையும்

"சார், இந்தக் காப்பீட்டு அட்டையை எந்தக் கண்ணாடிக் கடையில எடுத்துக்குவாங்க? விருத்தாசலத்துலயே இருக்கா, கடலூருக்குப் போவணுமா?" மங்கலம்பேட்டையில் என்னைத் தெரிந்தவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். அரசுக் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கடையிலும் எடுக்க மாட்டார்கள், தேடி அலையாதீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுவேன்.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்து, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கான பணம். ஓ.பி.யில் போய்ப் பவர் பார்ப்பதற்கும் கண்ணாடி வாங்குவதற்கும் அதில் இடமில்லை.

அதற்காகக் கண்ணைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. அட்டை இல்லாமலே, காசு இல்லாமலே பவர் பார்க்க வழி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் பெரிய ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் என்னைப் போன்ற கண் மருத்துவ உதவியாளர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆள் பல ஊர்களுக்குப் போவதும் உண்டு. அதனால் உங்கள் ஊர் சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் "கண் பாக்குறவர் எந்தக் கிழமை வருவார்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத நாளில் போய்த் திரும்பினால் ஒருநாள் கூலி போயிற்று. பக்கத்தில் விருத்தாசலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அல்லது சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனை.

பவர் பார்த்து முடித்ததும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தூரத்தில் பார்ப்பதற்கும் கிட்டத்தில் பார்ப்பதற்குமான அளவு அதில் இருக்கும். அதைக் கொண்டுபோய் எந்தக் கடையிலும் உங்கள் வசதிக்கேற்ற ஃபிரேமில் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். கடையிலேயே கண் பார்த்துக்கொள்வதானால், பார்ப்பவர் என்ன படித்தவர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆப்டோமெட்ரி நான்கு வருடப் பட்டப்படிப்பு. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலீட் கல்லூரி 1985 முதல் அதைக் கற்பிக்கிறது. படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணாடியோடு நிறுத்த மாட்டார். புரையா, கண் அழுத்தமா, சர்க்கரையால் வந்த கோளாறா என்று சந்தேகப்பட்டு மருத்துவரிடம் அனுப்புவார்.

என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு வெறும் வெள்ளெழுத்துதான். நாற்பது தாண்டினால் யாருக்கும் வருவது. எங்கள் வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு உடையாமல் ஓட்டை நீக்க வேண்டும், ஒட்டிய தோலைச் சுரண்ட வேண்டும். "கண்ணு மங்குது சார், முன்ன மாதிரி வேல ஓடல" என்பார்கள். சோதனைக் கண்ணாடியில் ஒன்றரைப் பவர் வில்லையைப் போட்டுவிட்டால் கையிலிருக்கும் பருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அசாமில் தேயிலை பறிக்கும், நாற்பது கடந்த தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாகப் பறித்தார்கள். கூலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வருமானம்! 5 லட்சம் ரூபாய் அறுவைக்குக் கொடுக்கும் திட்டம், சில நூறு ரூபாய்க் கண்ணாடியை வெளியே நிறுத்தியிருப்பது எனக்கு ஆறவே இல்லை. பிரிட்டனில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 ஆனவர்களுக்கும் கடைத்தெருக் கண்ணாடிக் கடையிலேயே அரசு செலவில் கண் பார்க்கிறார்கள். மங்கலம்பேட்டை மக்கள் என்னிடம் கேட்பதும் அதைத்தான். நியாயமான கேள்வி அது.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2009இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளியிலேயே பரிசோதித்து இலவசக் கண்ணாடி தருகிறார்கள். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையை ஆசிரியரிடம் சொல்லிப் பட்டியலில் சேருங்கள்.

கண்புரைக்கும் காப்பீட்டு அட்டையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1976 முதல் நடக்கும் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலும் முகாம்கள் வழியாகவும் இலவசமாகவே புரை எடுத்து லென்ஸ் வைக்கிறார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கட்டணப் பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு.

அட்டை உண்மையில் கைகொடுப்பது விழித்திரை, கருவிழி போன்ற பெரிய அறுவைகளுக்கு. எந்த மருத்துவமனை எந்த அறுவைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். அறுவைக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி அனுமதி பெற வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

போகும்போது பழைய கண்ணாடி, ஆதார், குடும்ப அட்டை, சர்க்கரை மாத்திரைச் சீட்டு எல்லாம் எடுத்துப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து விடுவார்கள்; சில மணி நேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாமல், வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.