ஆடிய கால்கள் ஓய்ந்த பிறகு: பயிற்சியாளர் காலித் ஜமீல்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் காய்ந்து கிடக்கும் தரையில், அஸர் தொழுகைக்குப் பிறகு பையன்கள் பந்து ஆடுவதைச் சமீபத்தில் நின்று பார்த்தோம். கோல் கம்பத்துக்குப் பதில் செருப்புகள். எல்லோரும் வெறுங்கால். பந்து பாத்திக்குள் விழுந்தால் இறங்கி எடுக்கிறவனுக்குக் காலில் உள்ள கீறல் எல்லாம் எரியும். ஆனாலும் யார் எடுப்பது என்று அடித்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு முறை இறங்கினார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "நல்லாத்தான் ஆடுறானுங்க. முப்பது வயசு தாண்டினா இதை வெச்சு என்ன பண்ணுவானுங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. உப்புத் தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு. வருடத் தொடக்கத்தில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வந்ததும் நின்றுவிடும். மழைக்காலத்தில் வேறு வழி தேட வேண்டும் என்பது இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். கால்பந்து வீரரின் பருவம் அதைவிடக் கறாரானது. பதினெட்டு வயதில் தொடங்கி முப்பது, முப்பத்திரண்டில் முடிந்துவிடும். காயம் பட்டால் அதற்கும் முன்பே. முன்பெல்லாம் இதற்குப் பெற்றோர் வைத்திருந்த பதில் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'. ரயில்வே, வங்கி, சுங்கத்துறை என ஏதாவது ஓர் அணியில் சேர்ந்தால் ஆட்டம் ஓய்ந்த பிறகும் நாற்காலி இருக்கும். அந்த வாசல் இன்று குறுகிவிட்டது. இன்னொரு வாசல் இருக்கிறது. அதன் வழியே போனவர்களில் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் காலித் ஜமீல்.

அவர் 1977 ஏப்ரல் 21 அன்று குவைத்தில் பிறந்தார். இந்தியப் பெற்றோருக்கு வளைகுடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நம் ஊர்களில் இப்படி எத்தனையோ பேர். 1990 ஆகஸ்டில் இராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வேலையையும் சேமிப்பையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். தமிழ்நாட்டில் அந்த வருடத்தை மறக்காத வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் போர்க்காலத்தை ஒட்டியே காலிதின் குடும்பமும் மும்பைக்குப் பெயர்ந்தது.

மும்பையில் மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா ஆகிய அணிகளுக்கு நடுகள வீரராக ஆடினார். இந்திய அணிச் சட்டையும் அணிந்தார். அந்த நாட்களில் இந்தியக் கால்பந்தில் பேரும் பணமும் வேண்டுமென்றால் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு பெரிய கிளப்களும் அங்கேதான். அப்போது அந்த இரண்டு அணிகளுக்கும் மதுபான நிறுவனம்தான் விளம்பர ஆதரவு தந்தது. அதனாலேயே காலித் அங்கே ஆடப் போகவில்லை என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. இதை அவர் மேடை போட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. பேட்டிகளிலும் ஒரு வரிக்கு மேல் பேசாத மனிதர். ஆனால் அந்த முடிவின் விலை என்ன என்பதை நாம் யோசித்துப் பார்க்கலாம். ஓர் ஆட்டக்காரரின் சம்பாதிக்கும் காலமே பத்துப் பன்னிரண்டு வருடங்கள்தான். அதில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் இரண்டு அணிகளை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் அல்ல.

பிறகு காயங்கள் வந்தன. ஆடியதைவிட வெளியே உட்கார்ந்திருந்த பருவங்கள் கூடின. 2007இல் புதிதாகத் தொடங்கிய மும்பை எஃப்.சி.யில் சேர்ந்தார். அங்கேயும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2009இல் அதே கிளப் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. வயது 32. அந்தப் பெரியவர் குறிப்பிட்ட அதே வயதுதான்.

இந்த இடத்தில் பயிற்சியாளர் வேலை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பலரும் நினைப்பதுபோல் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது அல்ல. யாரை வாங்குவது, யாரை அனுப்புவது, கையில் உள்ள பணத்துக்கு எந்த இடத்தைப் பலப்படுத்துவது, எதிரணி எங்கே பலவீனம், காயம் பட்டவன் எப்போது திரும்பலாம், வீட்டு நினைப்பில் வாடுகிற பத்தொன்பது வயதுப் பையனிடம் என்ன பேசுவது என்று எல்லாம் அவர் தலையில்தான். வென்றால் வீரர்கள் வென்றார்கள். தோற்றால் பயிற்சியாளர் தோற்றார். வேலை போவது அவருக்குத்தான்.

மும்பை எஃப்.சி. பணக்காரக் கிளப் அல்ல. ஐ-லீக்கில் கடைசியில் வரும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். காலித் இருந்த ஏழு வருடங்களிலும் அந்த அணி இறங்கவில்லை. கோப்பையும் வெல்லவில்லை. தடுப்பை இறுக்கிப் பூட்டு, கிடைக்கும் இடைவெளியில் நேராக ஓடு, ஒரு கோல் போதும் என்பதே அவர் பாணி. பார்க்க அழகில்லை என்று எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் குறைந்த சம்பளத்துக்கு வந்த வீரர்களை வைத்து, பல மடங்கு செலவு செய்யும் அணிகளோடு திறந்த ஆட்டம் ஆடினால் என்ன ஆகும் என்பதை அவர் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். 2016இல் அவருக்கும் கிளப்புக்கும் இடையிலான உறவு முடிந்தது. ஏழு வருட உழைப்புக்குப் பிறகு வேலை இல்லை.

அவரை அழைத்தது மிசோரமின் அய்ஸால் எஃப்.சி. அந்தக் கிளப்பே அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. முந்தைய பருவத்தில் ஐ-லீக்கிலிருந்து இறக்கப்பட்டிருந்தது. கோவா கிளப்கள் லீக்கை விட்டு விலகியதால் காலியான இடத்தில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அதாவது, வேலை போன பயிற்சியாளரும் இறக்கிவிடப்பட்ட அணியும் சேர்ந்தார்கள். மும்பையில் தன்னோடு இருந்த அஷுதோஷ் மேத்தா, ஜயேஷ் ரானே போன்றவர்களைக் கூட்டிப் போனார். சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா நடுகளத்தில் வந்தார். மீதிப் பேர் பெரும்பாலும் உள்ளூர் மிசோ இளைஞர்கள்.

பருவம் நடுவில் போகும்போதுகூட இவர்கள் பட்டம் வெல்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 2017 ஏப்ரல் 22 அன்று அய்ஸாலில் மோகன் பகானை 1-0 என்று வென்றார்கள். பின்கள வீரர் ஸோமிங்லியானா ரால்தே தலையால் முட்டிய கோல். ஏப்ரல் 30, கடைசி ஆட்டம், ஷில்லாங் லஜோங் அணியோடு அவர்கள் ஊரில். ஒரு புள்ளி கிடைத்தால் போதும். ஆனால் முதலில் கோல் வாங்கினார்கள். இரண்டாம் பாதியில் வில்லியம் லால்நுன்ஃபேலா சமன் செய்தார். 1-1. அய்ஸாலுக்கு 37 புள்ளி, மோகன் பகானுக்கு 36. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து நாட்டின் பட்டத்தை வென்ற முதல் கிளப் அது. அதே பருவத்தில் கடைசி இடம் பிடித்து இறக்கப்பட்ட அணி எது தெரியுமா? காலித் ஏழு வருடம் காப்பாற்றி வைத்திருந்த மும்பை எஃப்.சி.

இதைப் படிக்கும்போது கோவை வாசகர்களுக்கு இன்னொரு பட்டம் நினைவுக்கு வரும். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். ஸ்பெயின் வீரர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்களும் அந்த அணியில் ஆடினார்கள். பெரிய பணம் இல்லாத அணியைப் பட்டம் வரை கொண்டுபோக முடியும் என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலும் இருக்கிறது.

அய்ஸாலுக்குப் பிறகு காலிதின் பாதை நேராகப் போகவில்லை. வீரராகப் போகாத கொல்கத்தாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். 2017-18இல் ஈஸ்ட் பெங்கால், 2019 தொடக்கத்தில் மோகன் பகான். இரண்டு இடத்திலும் நிலைக்கவில்லை. பிறகு நார்த் ஈஸ்ட் யுனைடெட்டில் உதவிப் பயிற்சியாளர். பட்டம் வென்றவர் மறுபடி உதவியாளராக உட்கார வேண்டும். ஏனென்றால் ஐ.எஸ்.எல். கிளப்கள் தலைமைப் பதவியை வெளிநாட்டவருக்கே கொடுத்து வந்தன. 2021 ஜனவரியில் அங்கே வெளிநாட்டுப் பயிற்சியாளர் போனதும் இடைக்காலமாக இவரிடம் ஒப்படைத்தார்கள். லீக் சுற்றில் மீதமிருந்த ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அணி அரையிறுதிக்குப் போனது. அந்த ஆண்டு அக்டோபரில் நிரந்தரப் பதவி வந்தது. ஐ.எஸ்.எல். தொடங்கி ஏழு பருவம் கழிந்த பிறகுதான் ஓர் இந்தியர் அந்த நாற்காலியில் நிரந்தரமாக அமர்ந்தார். அடுத்த பருவத்தில் பதினொரு அணிகளில் பத்தாவது இடம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023 டிசம்பரில் ஜாம்ஷெட்பூர். முதல் பருவத்தில் சரிந்து கிடந்த அணியைப் பெரிதாக நிமிர்த்த முடியவில்லை. 2024-25இல் அதே அணி ஐந்தாம் இடத்தில் முடித்து அரையிறுதிக்குப் போனது. மோகன் பகானை முதல் ஆட்டத்தில் 2-1 என்று வென்றது. கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் விழுந்த கோலால் வெளியேறியது. சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியில் கோவாவிடம் தோல்வி. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குத் தொடர்ந்து இரண்டு வருடம் கிடைத்தது.

2025 ஆகஸ்ட் 1 அன்று இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளராக அவரை அறிவித்தார்கள். 2012க்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணில் 2-1 என்று வென்றார். செப்டம்பரில் காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமானைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடம். ஊரெல்லாம் புகழ்ந்தது. அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அந்த அணியிடம் இந்தியா 22 வருடங்களாகத் தோற்றதில்லை. புகழ்ந்த அதே வாய்கள் பழைய பாணி, பயந்த ஆட்டம் என்று பேசத் தொடங்கின.

எங்கள் கருத்து, அந்த விமர்சனத்தில் பாதி சரி. சின்ன அணிக்குப் பொருந்திய தடுப்பாட்டம், பந்தை வைத்துக்கொண்டு ஆட வேண்டிய இடத்தில் கைகொடுக்கவில்லை. மீதிப் பாதி அவர் கையில் இல்லை. இந்தியாவில் கோல் அடிக்கும் முன்கள வீரர்கள் உருவாகாததற்கு, கிளப்கள் அந்த இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்து வந்தது பெரிய காரணம். ஹைதராபாத்தின் ரஹீம் சாஹிப் 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வாங்கித் தந்தபோது நிலைமை வேறு. அவருக்கு வீரர்கள் கிடைத்தார்கள். சமீபத்தில் படமாகவும் வந்துவிட்டதால் அவர் கதையை இங்கே விரிவாகச் சொல்லவில்லை.

மரக்காணத்துப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஆட்டக்காரராக இருந்தால் பயிற்சியாளர் ஆகிவிடலாம் என்பது தவறான எண்ணம். இதற்குப் படிப்பு உண்டு. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாக ஏறும். இந்தியாவில் அதற்குக் கீழே டி உரிமமும் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் இடையில் களத்தில் வேலை செய்த அனுபவம் காட்ட வேண்டும். தேர்வு எழுத வேண்டும், கற்பித்துக் காட்ட வேண்டும். ஐ.எஸ்.எல். தலைமைப் பதவிக்கு ப்ரோ உரிமம் தேவை. காலித் அதை முடித்தவர். எல்லோரும் அங்கே போக வேண்டியதில்லை. பள்ளிகள், அகாடமிகள், மாவட்ட அணிகள் எல்லாவற்றுக்கும் உரிமம் பெற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பையன், வகுப்புப் பாடத்தையும் அறிக்கை எழுதுவதையும் சமாளிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறோம். அதனால் 'பந்தா, படிப்பா' என்று வீட்டில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. இந்தத் தொழிலுக்கு இரண்டும் வேண்டும்.

டி உரிம வகுப்புகளை மாநிலச் சங்கங்கள் வழியாக நடத்துகிறார்கள். பதினெட்டு வயது முடிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி பக்கம், சென்னையும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மழை தொடங்கி உப்பள வேலை நிற்கும் மாதங்களில் வகுப்பு அறிவிப்பு வந்தால் பையன்களுக்கு வசதியாக இருக்கும் என்றோம் அந்தப் பெரியவரிடம். "பீஸ் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.